திருகைச் சுற்றி எழுதியிருக்கும் வோல்ட்

மோட்டார் சைக்கிளுக்கென்று செய்யப்படும் ஆம்ப்ளிஃபயர் ஒரு கையடக்கப் புத்தகத்தின் அளவுதான் இருக்கும். அதன் பக்கவாட்டில் ‘கெயின்’ என்று எழுதிய ஒரு திருகு. மூக்குக்கண்ணாடி ரிப்பேர் செய்கிறவர் வைத்திருக்கும் சின்ன ஸ்க்ரூ டிரைவர்தான் அதற்குள் நுழையும். திருகைச் சுற்றி அச்சிட்டிருக்கும் எண்களை உற்றுப் பாருங்கள். பல ஆம்ப்களில் இடது கோடியில் 4 வோல்ட் என்றும் வலது கோடியில் 0.2 வோல்ட் என்றும் இருக்கும். வலப்பக்கம் திருப்பத் திருப்ப சத்தம் ஏறுகிறது; எண்ணோ இறங்கிக்கொண்டே போகிறது.

இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு முரணைப் பற்றியதுதான். அந்த எண், ஆம்ப் வெளியே எவ்வளவு கொடுக்கும் என்பதைச் சொல்லவில்லை. உள்ளே வரும் சிக்னல் எத்தனை வோல்ட்டைத் தொடும்போது ஆம்ப் தன் முழுச் சக்தியையும் கொடுத்து முடித்துவிடும் என்பதைச் சொல்கிறது. 4 வோல்ட்டில் வைத்தால், ரேடியோ 4 வோல்ட் அனுப்பும்போது ஆம்ப் தன் எல்லைக்கு வரும். 0.2-இல் வைத்தால், அதில் இருபதில் ஒரு பங்கு சிக்னலுக்கே எல்லைக்கு வந்துவிடும். இரண்டிலும் எல்லை ஒன்றுதான். நூறு வாட் ஆம்ப் எந்தத் திருகு நிலையிலும் நூறு வாட் ஆம்ப்தான். திருகை முழுக்கத் திருப்பினால் அந்த நூறு வாட் சீக்கிரம் வந்து சேர்கிறது, அவ்வளவே. அதற்குப் பிறகு வால்யூமை ஏற்றினால் வருவது இசையின் உடைசல்.

நம் ஊர் மைக் செட் கடைகளில் வளர்ந்த காது எனக்கு. அங்கே ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் இருக்கும் குமிழ்கள் எல்லாம் வால்யூம்தான். ‘ஏத்தி வை’, ‘இறக்கி வை’ என்ற இரண்டு சொற்களிலேயே முழுத் தொழிலும் நடக்கும். தமிழில் ஸ்பீக்கரையே ஒலிபெருக்கி என்று அழைத்துப் பழகிவிட்டோம். பெருக்கும் வேலையைச் செய்வது ஆம்ப். ஸ்பீக்கர் அதைக் காற்றில் அசைவாக மாற்றுகிறது. பெயரிலேயே இந்தக் குழப்பம் இருந்ததாலோ என்னவோ, கெயின் என்பதும் இன்னொரு வால்யூம் என்றே நானும் பல வருடங்கள் நினைத்திருந்தேன்.

அமெரிக்காவில் பழைய டூரிங் வண்டி ஒன்றை வாங்கியபோது அந்த நினைப்புக்கு விலை கொடுத்தேன். முன்பக்கக் காற்றுக் கவசமான ஃபேரிங்கில் இரண்டு ஸ்பீக்கர், பக்கப் பெட்டிகளின் மூடியில் இரண்டு, நான்கு சேனல் ஆம்ப் ஒன்று. முந்தைய உரிமையாளருக்காக ஏதோ ஒரு கடையில் பொருத்தியது. நான்கு கெயின் திருகுகளும் வலது கோடியில் நின்றன. நல்ல வெயிலில் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு, இடது முன் ஸ்பீக்கர் முதலில் கரகரத்தது, பிறகு பேச்சை நிறுத்தியது. வீட்டுக்கு வந்து கழற்றி, ஸ்பீக்கரின் கூம்பான கோனை விரலால் மெல்ல அழுத்தினேன். உப்புத்தாள் தேய்வது போல ஒரு உராய்வு. கோனைப் பிரித்து எடுத்தபோது கம்பிச்சுருளான காயில் சுற்றியிருந்த குழல் கருகிப் பழுப்பாகி, செம்புக் கம்பியின் இரண்டு மூன்று சுற்றுகள் பிரிந்து காந்தத்தின் இடுக்கில் மாட்டியிருந்தன. வார்னிஷ் எரிந்த வாடை கராஜில் இரண்டு நாள் நின்றது. அந்த ஸ்பீக்கர் தாங்கக்கூடிய வாட், ஆம்ப்பின் வாட்டைவிட அதிகம் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. பிறகு ஏன் எரிந்தது என்ற கேள்விதான் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தது.

வண்டியில் இசை என்பது புதிதல்ல. ஹார்லி டேவிட்சனின் எலெக்ட்ரா கிளைடில் வௌவால் சிறகு வடிவ ஃபேரிங் 1969-இல் வந்தது. ஹோண்டா 1980-இல் வெளியிட்ட கோல்ட் விங் இன்டர்ஸ்டேட், தொழிற்சாலையிலேயே ஃபேரிங்கும் பெட்டிகளும் பொருத்தி, விரும்பினால் ஸ்டீரியோவும் வைத்துக்கொள்ளலாம் என்று விற்கப்பட்டது. ஹார்லி 2014 மாடல்களில் தொடுதிரை ரேடியோவைக் கொண்டுவந்தது. 2021-இல் ராக்ஃபோர்ட் ஃபாஸ்கேட் நிறுவனத்தோடு சேர்ந்து ஆடியோ விற்கத் தொடங்கியது. இன்று ஆகஸ்ட் மாதம் தெற்கு டகோட்டாவின் ஸ்டர்ஜிஸ் திருவிழாவிலோ, மார்ச்சில் டேட்டோனாவிலோ தெருவில் நின்றால், பெட்டி மூடிகளில் ஸ்பீக்கர் பதித்த வண்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். கருவிகள் வளர்ந்த வேகத்தில் அவற்றைச் சரியாக வைக்கும் அறிவு வளரவில்லை என்பது என் கருத்து. நின்று கேட்டால் பாதி வண்டிகளில் பாட்டின் மேல் ஒரு மணல்படலம் கேட்கிறது.

அந்த மணல்படலம் எங்கிருந்து வருகிறது?

ஆம்ப்புக்குள் ஒரு மின்வழங்கி இருக்கிறது. பேட்டரியின் 12, 14 வோல்ட்டை எடுத்துத் தனக்கு வேண்டிய உயரத்துக்கு ஏற்றிக்கொள்கிறது. அந்த உயரத்தைத் தாண்டி எந்த அலையும் வெளியே வர முடியாது. சிக்னல் அதற்கு மேல் எழும்பச் சொன்னால், தாழ்ந்த நிலைப்படியில் தலை இடிப்பதைப் போல அலையின் முகடு இடித்துத் தட்டையாகிறது. இதற்குத்தான் கிளிப்பிங் என்று பெயர். தட்டையான முகடு, மூலத்தில் இல்லாத புதிய சுரங்களைப் பிறப்பிக்கிறது. 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை மேலும் கீழும் சமமாக வெட்டினால் 3,000, 5,000, 7,000 ஹெர்ட்ஸில் ஒலிகள் கூடச் சேர்ந்துகொள்கின்றன. பாடகர் பாடாத சுரங்கள் அவை. நம் காதுக்கு மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதியும் அதுதான்.

இங்கே சின்னதாக ஒரு வரலாறு. 1927 ஆகஸ்ட் 2 அன்று பெல் ஆய்வகப் பொறியாளர் ஹரால்டு பிளாக், ஹட்சன் ஆற்றில் படகில் வேலைக்குப் போகும்போது, கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பக்கத்திலேயே ஒரு படத்தை வரைந்தார். ஆம்ப்பின் வெளியீட்டில் ஒரு பங்கைத் தலைகீழாக்கி உள்ளீட்டுக்கே திருப்பிக் கொடுத்தால், அது தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் என்பது அவர் கண்டது. இன்றைய ஆம்ப்களில் பெரும்பாலானவை இந்த எதிர்ப்பின்னூட்டத்தால்தான் சுத்தமாக ஒலிக்கின்றன. அதற்கு ஒரு விளைவும் உண்டு. பழைய வால்வு ஆம்ப்கள் எல்லையை நெருங்கும்போதே குரல் கனத்து முன்னறிவிப்புக் கொடுக்கும். பின்னூட்டம் உள்ள டிரான்சிஸ்டர் ஆம்ப் கடைசிப் படிவரை சுத்தமாகப் பாடி, அடுத்த படியில் சடாரென்று இடிக்கும். காது எச்சரிக்கையாக இருப்பதற்குள் தாண்டிவிடுகிறோம்.

சரி, இடித்தால் ஸ்பீக்கர் ஏன் எரிய வேண்டும்? ‘சின்ன ஆம்ப் வைத்தால் ஸ்பீக்கர் போயிடும், பெரிய ஆம்ப் வை’ என்று கடைகளில் சொல்வார்கள். இந்த வாதம் பாதி சரி. ஒரே உயரமுள்ள வட்டமான அலையைவிடச் சதுர அலையில் இரண்டு மடங்கு சக்தி இருக்கிறது. ஆகவே 100 வாட் ஆம்ப் முழுக்க இடித்து நின்றால் 200 வாட் வரை தள்ளும். ஆனால் 25 வாட் ஆம்ப் இடித்தாலும் 50-ஐத் தாண்டாது. 100 வாட் தாங்கும் ஸ்பீக்கர் அதில் எரியாது. ஸ்பீக்கரைக் கொல்வது வெப்பம். வழக்கமான ஸ்பீக்கர், தனக்கு வரும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கைத்தான் ஒலியாக்குகிறது. மீதியெல்லாம் காயிலில் சூடாகிறது. இசையில் சராசரிச் சக்தி உச்சத்தில் பத்தில் ஒன்றாகவோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். பாட்டுக்கு நடுவே காயில் மூச்சு விட்டுக்கொள்ள நேரம் கிடைக்கிறது. இடிக்க இடிக்க உச்சம் அதே இடத்தில் நிற்க, சராசரி மட்டும் மேலே ஏறி வருகிறது. மூச்சு விட இடைவெளி போய்விடுகிறது. என் ஸ்பீக்கருக்கு நடந்தது இதுதான். மேல்சுரங்களுக்கான ட்வீட்டர் இன்னும் சீக்கிரம் போவதற்கும் காரணம் இதுவே. பேஸ் உச்சத்தில் இடித்து நின்றுவிட்ட பிறகும் வால்யூமோடு சேர்ந்து மேல்சுரங்கள் ஏறிக்கொண்டே இருக்கின்றன. புதிதாகப் பிறந்த சுரங்களும் அங்கேதான் போய் விழுகின்றன. தாங்குவதோ தலைமயிர் போன்ற கம்பி.

காயில் சூடானால் இன்னொன்றும் நடக்கிறது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்குப் போனால் தடை ஏறக்குறைய 70 சதவீதம் கூடிவிடும். அதே வால்யூமில் சத்தம் தணிகிறது. ஓட்டுகிறவர் ‘என்ன, குறைஞ்சு போச்சே’ என்று மேலும் ஏற்றுகிறார்.

கெயின் வைக்கும் முறைகளை ஆராய்கிறவர்கள் அநேகமாக ஆம்ப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பிழை அங்கேயே ஆரம்பிக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். முதலில் இடிப்பது பெரும்பாலும் ஆம்ப் இல்லை, ரேடியோ. ‘50 வாட், 4 சேனல்’ என்று எழுதிய ரேடியோவின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். உள்ளே மின்னழுத்தத்தை ஏற்றும் மின்வழங்கி எதுவும் கிடையாது, வண்டியின் 14.4 வோல்ட்டை வைத்துத்தான் வேலை செய்கிறது. 14.4-ஐ அதே எண்ணால் பெருக்கி 4 ஓமால் வகுத்தால் 51.8 வாட். அந்த ஐம்பது இங்கிருந்துதான் வந்தது. அது முழுக்கச் சதுரமாகிப்போன அலையின் சக்தி! சுத்தமான அலையாக அதே மின்னழுத்தத்தில் அதிகபட்சம் 26 வாட். டிரான்சிஸ்டர்களின் இழப்பைக் கழித்தால் கையில் நிற்பது இருபதுக்குப் பக்கம். இந்த ரேடியோவின் ஸ்பீக்கர் கம்பியிலிருந்தே சிக்னலை எடுத்து ஆம்ப்புக்குக் கொடுப்பதுதான் பல வண்டிகளில் நடக்கும் வழக்கம். ரேடியோவில் இடித்த அலையை ஆம்ப் அப்படியே நேர்மையாகப் பெருக்கித் தருகிறது. அதன் பிறகு ஆம்ப்பின் திருகை எவ்வளவு குறைத்தாலும் தட்டையான முகடு வட்டமாகாது. உடைசல் சத்தம் குறைந்த உடைசலாகும், அவ்வளவுதான்.

ஆகையால் முதல் வேலை, ரேடியோவின் சுத்தமான எல்லை எந்த எண்ணில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. வேகத்துக்கேற்பத் தானாக வால்யூமை மாற்றும் வசதியை முதலில் அணைக்க வேண்டும். பேஸ், ட்ரெபிள் இரண்டையும் நடுவில் வைக்க வேண்டும். போனிலிருந்து ப்ளூடூத்தில் பாட்டுக் கேட்பவர், சோதனை ஒலியையும் அதே போன், அதே ப்ளூடூத் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். போனின் வால்யூம் முழுதாகவும், பாட்டுச் செயலியின் ஈக்வலைசரும் சத்தத்தைச் சமன் செய்யும் அமைப்பும் அணைந்தும் இருக்க வேண்டும். பென் டிரைவில் சோதனை செய்துவிட்டு போனில் பாட்டுக் கேட்பது, ஒரு தராசில் நிறுத்து இன்னொரு தராசில் விற்பது போல. தொழிற்சாலை ரேடியோக்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிறிய ஸ்பீக்கரைக் காப்பாற்றுவதற்காக, வால்யூம் ஏற ஏற பேஸைத் தானாகவே அடக்கும்படி பல ரேடியோக்களில் மென்பொருள் எழுதியிருப்பார்கள். ஹார்லி வண்டிகளில் வேறு ஆம்ப் பொருத்தும்போது ரேடியோவின் ஈக்வலைசரை மென்பொருள் வழியாக மாற்றி எழுதுவது இதற்காகத்தான். இதைச் செய்யாமல் கெயின் வைத்தால், குறைந்த வால்யூமில் சரியாக இருந்தது அதிக வால்யூமில் வேறொன்றாகும்.

இனி முறைகள். காதால் வைப்பது மிகப் பழையது: ரேடியோவை முக்கால் பங்குக்கு ஏற்றி, தெரிந்த பாட்டைப் போட்டு, உடையும் வரை கெயினைத் திருப்பி, கொஞ்சம் பின்னால் வருவது. இதை இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பயிற்சி பெற்ற காது அமைதியான அறையில் நல்ல வேலை செய்யும். ஆனால் எல்லாப் பாட்டும் சாட்சிக்கு உதவாது. எலெக்ட்ரிக் கிட்டார் நிறைந்த பாட்டில் உடைசலே இசையாக இருக்கிறது. எது இசைக்கலைஞர் உடைத்தது, எது ஆம்ப் உடைத்தது என்று எப்படிப் பிரிப்பது? தனிக்குரல், புல்லாங்குழல், வீணை போன்றவற்றில்தான் சின்ன முள்ளும் தெரியும். காதுக்கு இன்னொரு குறையும் உண்டு. ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் வந்து இறங்கியவுடன் காது மந்தமாக இருக்கும். அந்தக் காதோடு திருகைத் தொட்டால் கை தானாக வலப்பக்கம் போகும்.

மல்டிமீட்டர் முறை இன்று மிகப் பரவலானது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, சோதனை ஒலியை ஓட்டி, ஆம்ப்பின் வெளியீட்டில் ஏசி வோல்ட்டை அளக்கிறார்கள். வேண்டிய வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் இலக்கு கிடைக்கும். 4 ஓமில் 100 வாட்டுக்கு 20 வோல்ட். 2 ஓமில் 150 வாட்டுக்கு 17.3 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓமில் 60 வாட்தான் தாங்கும் என்றால் ஆம்ப் எவ்வளவு பெரியதானாலும் 15.5 வோல்ட்டில் நிறுத்திவிட வேண்டும். ஸ்பீக்கரைக் காப்பாற்ற இது நல்ல வழி. ஆனால் மீட்டருக்குக் கண் கிடையாது. 20 வோல்ட் என்று காட்டும்போது அலை வட்டமா தட்டையா என்று அதற்குத் தெரியாது. பெட்டியில் 100 வாட் என்று எழுதி உள்ளே 60 வைத்திருக்கும் ஆம்ப்பில் 20 வோல்ட்டைத் துரத்திப் போனால், இடிப்பில்தான் போய் முடியும். மலிவான மீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் தவறாகக் காட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவற்றுக்கு 50, 60 ஹெர்ட்ஸ் ஒலிதான் பாதுகாப்பு. ஸ்பீக்கர் இல்லாமல் அளப்பதால் ஆம்ப் சுமை தூக்காமலேயே உயரத்தைக் காட்டுகிறது என்ற விமர்சனமும் நியாயமானதே. சுமை ஏறும்போது மின்வழங்கி கொஞ்சம் தொய்யும்.

வாட் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 2003-இல் அமெரிக்கத் தொழில்துறை ஒரு தரநிலை கொண்டுவந்தது: 14.4 வோல்ட்டில், 4 ஓமில், 1 சதவீத உடைசலுக்குள் எவ்வளவு வாட் தர முடியுமோ அதைத்தான் எழுத வேண்டும். அதைப் பின்பற்றும் ஆம்ப்பின் எண்ணை நம்பலாம். மற்றவற்றுக்கு ஃபியூஸைப் பாருங்கள். 40 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட ஆம்ப் 14 வோல்ட்டில் இழுக்கக்கூடியது 560 வாட். டி வகை (கிளாஸ் டி) ஆம்ப் அதில் எண்பது சதவீதத்தை வெளியே தரும் என்று வைத்தாலும் 450 வாட்தான். அதன் நெற்றியில் 2,000 என்று எழுதியிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடலாம்.

மூன்றாவது வழி, உடைசலைக் கண்டுபிடிக்கும் சிறு கருவிகள். டிடி-1 என்ற கருவி கார் ஆடியோக்காரர்களிடம் பெயர் பெற்றது. 40 ஹெர்ட்ஸ், 1,000 ஹெர்ட்ஸ் ஒலிகளைக் கேட்டு, உடைசல் 1 சதவீதத்தைத் தொட்டவுடன் சிவப்பு விளக்கை எரிக்கிறது. சில ஆம்ப்களில் இப்படிப்பட்ட விளக்கு உள்ளேயே வருகிறது. கையில் ஸ்க்ரூ டிரைவர், கண் விளக்கில். வேலை பத்து நிமிடத்தில் முடியும். அதிகம் பழகாதவருக்கு நான் சொல்லும் வழி இதுதான்.

ஆசிலாஸ்கோப் இருந்தால் அலையையே கண்ணால் பார்க்கலாம். முகடு உருண்டையாக ஏறி, ஒரு கட்டத்தில் யாரோ கத்தியால் சீவியது போலத் தட்டையாகும். இரண்டு படி பின்னால் வந்தால் போதும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது, இத்தனை வருடம் காதில் கேட்ட கரகரப்புக்கு ஒரு முகம் இருந்தது தெரிந்து சற்று நேரம் கையெடுக்காமல் நின்றேன். இரண்டு எச்சரிக்கைகள். வண்டி ஆம்ப்களில் பலவற்றின் வெளியீடு பிரிட்ஜ் முறையிலானது. ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் மின்னழுத்தம் உண்டு, மைனஸ் என்று எழுதிய முனை பூமி அல்ல. வீட்டு மின்சாரத்தில் ஓடும் ஸ்கோப்பின் பூமிக் கிளிப்பை அதில் மாட்டினால் ஆம்ப் அந்த நொடியே போகலாம். பேட்டரியில் ஓடும் கையடக்க ஸ்கோப்தான் இதற்குச் சரி. அடுத்தது, டி வகை ஆம்ப் பல நூறு கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் மாறி மாறி இயங்குவது. அந்த மிச்சம் திரையில் அலையின் மேல் மயிர் முளைத்தது போலத் தெரியும். அதை உடைசல் என்று பயந்து திருகைக் குறைத்துக்கொண்டே போனவர்கள் உண்டு.

எந்த முறையானாலும், சோதனை ஒலி எத்தனை டெசிபலில் பதிவானது என்பதில்தான் உண்மையான கருத்து வேறுபாடு இருக்கிறது. பதிவில் இருக்கக்கூடிய உச்சத்துக்கு 0 டெசிபல் என்று பெயர். 0 டெசிபல் ஒலியில் கெயின் வைத்தால் எந்தப் பாட்டும் ஆம்ப்பை இடிக்கவைக்காது; ஆனால் பழைய, அமைதியான பதிவுகள் வண்டியில் ஈனசுரத்தில் கேட்கும். மைனஸ் 10 டெசிபல் ஒலியில் வைத்தால், உச்சத்துக்கு எழும்பும் இடங்களில் ஆம்ப்பிடம் அதன் சக்தியைப் போலப் பத்து மடங்கு கேட்கிறோம் என்று பொருள். நூறு வாட் ஆம்ப்பிடம் ஆயிரம்! அதனிடம் இல்லை, இடிக்கும். நடுவே மைனஸ் 5 என்று ஒரு சமரசம். நொடியின் சிறு பங்கு மட்டுமே வரும் முரசு அடியில் கொஞ்சம் இடித்தால் காதுக்குத் தெரியாது என்ற அனுபவத்தில் நிற்கிறது அது. என் முடிவு: நடுச்சுர ஸ்பீக்கருக்கு மைனஸ் 5, தனி ஆம்ப் சேனலில் ஓடும் ட்வீட்டருக்கும் ஹார்ன் ஸ்பீக்கருக்கும் 0. இன்றைய திரைப்பாடல்களும் ராக் பாடல்களும் அழுத்திப் பதிவு செய்யப்பட்டு எப்போதும் உச்சத்தை ஒட்டியே இருப்பவை. அவற்றை மட்டுமே கேட்பவருக்கு மைனஸ் 5-கூடத் தாராளம்தான்.

மின்சாரத்தைக் கவனிக்காமல் வைத்த கெயின் நிற்காது. எஞ்சின் ஓடாமல், பேட்டரி 12.6 வோல்ட்டில் இருக்கும்போது வைத்தால், மின்னழுத்தத்தை நிலையாக வைத்திருக்கும் மின்வழங்கி இல்லாத ஆம்ப் ஓடும்போது கொடுப்பதில் முக்கால் பங்கைத்தான் கொடுக்கும். கராஜில் எஞ்சினை ஓட்டிவைப்பதும் கூடாது, புகை. நல்ல சார்ஜரை மாட்டி மின்னழுத்தத்தை உயர்த்தி வைத்துக்கொண்டு வேலை செய்வதே வழி. ஹார்லி டூரிங் வண்டியின் ஆல்டர்னேட்டர் சுமார் 50 ஆம்பியர். அதுவும் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போதுதான். விளக்கு, பெட்ரோல் பம்ப், இக்னிஷன் எல்லாம் சாப்பிட்ட பிறகு மிஞ்சுவதுதான் பாட்டுக்கு. சிக்னலில் நிற்கும்போது முழு வால்யூமில் பேஸ் அடித்தால் விளக்கு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மங்கலோடு ஆம்ப்பின் கூரையும் கீழிறங்குகிறது.

பேஸைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஈக்வலைசரில் ஒரு குமிழைத் தொட்டால் இவ்வளவு உழைப்பும் வீணாகும். பேஸை 3 டெசிபல் கூட்டினால் அந்தச் சுரத்தில் இரண்டு மடங்கு சக்தி. 6 டெசிபல் கூட்டினால் நான்கு மடங்கு. காரில் கதவுகளை மூடினால் சிறிய அறைபோல அதுவே பேஸைத் தாங்கித் தரும். வண்டியில் நான்கு பக்கமும் ஆகாயம். ஆகவே கை பேஸ் குமிழுக்குப் போவது இயல்பு. அதே சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே தர, கோன் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும் என்பது இயற்பியல். ஃபேரிங்குக்குள் இருக்கும் ஆறரை அங்குல ஸ்பீக்கருக்கு அந்த இடம் இல்லை. 80 முதல் 120 ஹெர்ட்ஸுக்குள் ஓரிடத்தில் கீழ்ச்சுரங்களை வெட்டிவிடுங்கள். எஞ்சினும் காற்றும் அந்தப் பகுதியை எப்படியும் விழுங்கிவிடும். வெட்டிய மறுகணமே நடுச்சுரம் தெளிந்து, குரல் முன்னால் வருவதைக் கேட்கலாம். கெயின் திருகால் செய்ய முடியாததை இந்த ஒரு வெட்டு செய்யும்.

எல்லா வழிகளையும் ஆராய்ந்தபின் எஞ்சி நிற்பது காற்று. ஹெல்மெட்டுக்குள் அளந்த ஆய்வுகளில், மணிக்கு 60 கிலோமீட்டரில் சுமார் 90 டெசிபலாக இருக்கும் காற்றிரைச்சல் 160-இல் 110 வரை போகிறது. 60-லிருந்து 120-க்குப் போகும்போது ஏறக்குறைய 14 டெசிபல் ஏற்றம் என்று கொள்ளலாம். அதே அளவுக்குப் பாட்டை ஏற்ற 25 மடங்கு வாட் வேண்டும். நிறுத்தத்தில் 10 வாட்டில் இனித்த பாட்டுக்கு நெடுஞ்சாலையில் 250 வாட்! 100 வாட் ஆம்ப்பை எடுத்துவிட்டு 200 வாட் வைத்தால் கிடைப்பது 3 டெசிபல்தான். அதிக உணர்திறனுள்ள ஸ்பீக்கர் அதே 3 டெசிபலை ஒரு வாட்கூடக் கேட்காமல் தரும். காற்றுத் தடுப்பின் உயரத்தை மாற்றுவதும், ஸ்பீக்கரை மார்புக்குப் பதில் காதை நோக்கித் திருப்புவதும் அதற்கு மேலும் தரலாம்.

காதுக்கும் ஒரு கெயின் உண்டு, அதற்குத் திருகு இல்லை. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்று எல்லை வைத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94-இல் ஒரு மணி நேரம், 100-இல் 15 நிமிடம். காற்று ஒன்றே அந்தக் கணக்கைத் தின்றுவிடுகிறது. அதை வெல்லும் பாட்டு அதற்கும் மேலே இருக்க வேண்டும். காதடைப்பான் போட்டு ஓட்டினால் காற்றும் பாட்டும் சேர்ந்தே இறங்கும், பாட்டின் சொற்கள் முன்பைவிடத் தெளிவாகவே கேட்கும். அளவுக்கு மீறிய சத்தத்தில் காதே உடைசலை உண்டாக்குகிறது. முதல் முறை எனக்கு நம்பிக்கை இல்லை. இன்று காதடைப்பான் இல்லாமல் வண்டியை எடுப்பதில்லை.

புது ஸ்பீக்கர் மாட்டி, என் வண்டியில் இதையெல்லாம் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிடித்தது. ரேடியோவில் 30 படி. 27-இல் முகடு தட்டையானது. 25-ஐ எல்லையாக வைத்துக்கொண்டு, ரேடியோவின் அருகே சின்ன டேப்பில் அந்த எண்ணை எழுதி ஒட்டினேன். ஆம்ப்பின் திருகுகள் எல்லாம் கால் பங்குக்குப் பக்கத்தில் வந்து நின்றன. முழுக்கத் திருப்பியிருந்தபோது சும்மா இருக்கையிலும் கேட்ட ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலும், ஆக்ஸிலரேட்டரோடு ஏறி இறங்கிய ஆல்டர்னேட்டர் முனகலும் காணாமல் போயிருந்தன. அவையும் அந்தத் திருகு பெருக்கிக் கொடுத்தவைதான். வண்டியின் அதிர்வில் திருகு தானாக நகரும் என்பதால், ஒவ்வொன்றின் தலைக்கும் பெட்டிக்கும் நடுவே மகளின் நகப்பூச்சில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். போன மாதம் ஃபேரிங்கைக் கழற்றியபோது, நான்கில் ஒரு புள்ளி மட்டும் நூலளவு பிளந்திருந்தது.